படிக்கப்படாத சுவடியில் பயனுள்ள உழைப்பு எது? வாய்னிச் சுவடியை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பைனக்கி அரிய நூலகத்தில் 408 என்ற எண்ணில் காக்கப்படும் சுவடியின் ஒரு வரியைக்கூட இதுவரை எவரும், மற்றவர்கள் ஒப்புக்கொள்ளும் வகையில், படித்ததில்லை. சுமார் 23 செ.மீ. உயரமும் 16 செ.மீ. அகலமும் கொண்ட அந்தச் சிறிய தோல் நூலில் ஏறத்தாழ 240 பக்கங்கள் எஞ்சியுள்ளன. அடையாளம் காண முடியாத செடிகள், ராசி வட்டங்கள், பச்சை நீர் நிரம்பிய தொட்டிகளில் நிற்கும் பெண்கள், மருந்துக் கலங்கள், ஓரத்தில் விண்மீன் குறியிட்ட சிறு பத்திகள் என அதன் பகுதிகள் படங்களைக் கொண்டே பிரித்தறியப்படுகின்றன. 1912இல் ரோம் நகருக்கு அருகில் இயேசு சபையினரிடமிருந்து அதை வாங்கிய நூல் வணிகர் வில்ஃப்ரிட் வாய்னிச்சின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. 1961இல் அதை 24,500 டாலருக்கு வாங்கிய மற்றொரு நூல் வணிகர் ஹான்ஸ் கிராவுஸ், விற்க முடியாமல் 1969இல் யேலுக்கு நன்கொடையாக அளித்தார்.

இந்தச் சுவடியைத் தொழில்முறையாக ஆராய்வதற்கென்று பதவியோ சம்பளமோ பெற்றவர்கள் மிகக் குறைவு. இதற்காக ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் வேறு தொழிலில் இருந்துகொண்டு, தம் சொந்த நேரத்தில், கூலி கருதாமல் ஈடுபட்டவர்கள். இவர்களையே இக்கட்டுரை துறைசாரா ஆய்வாளர்கள் என்று குறிக்கிறது. அவர்களுடைய உழைப்புக்குப் பொருள் உண்டா என்ற கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை, என்றாவது ஒருவர் மர்மத்தை அவிழ்த்துவிடலாம் என்பதுதான். அந்த விடையை நான் ஏற்கவில்லை. அது ஆய்வைப் பரிசுச்சீட்டு வாங்குவதற்கு நிகராக்கிவிடுகிறது. பரிசு விழாத எல்லாருடைய உழைப்பும் வீண் என்றே அதற்குப் பொருள். வாய்னிச் சுவடியின் நூறாண்டு வரலாற்றை உற்றுப் பார்த்தால் வேறொரு அளவுகோல் தெரிகிறது. ஒருவர் முன்வைக்கும் பொருள்கோளை முழுவதும் நீக்கிவிட்டாலும், அவருடைய முடிவுகளை ஏற்காதவர்கூட எடுத்துப் பயன்படுத்தத்தக்க ஏதேனும் ஒன்று எஞ்சுமானால், அந்த உழைப்பு தகுதியானது.

பட்டம் காப்பாற்றாத இடங்கள்

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிட வேண்டும். இச்சுவடியைப் பற்றிய பெரும் பிழைகளை ஆர்வலர்கள் மட்டும் செய்யவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த வில்லியம் நியூபோல்ட் 1921இல், இது 13ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேய அறிஞர் ரோஜர் பேக்கன் எழுதியது என்றும், ஒவ்வோர் எழுத்துக்குள்ளும் உருப்பெருக்கியால் மட்டும் காணக்கூடிய நுண்கோடுகள் மறைந்துள்ளன என்றும், அவற்றைப் படித்தால் பேக்கன் தொலைநோக்கியால் ஆண்ட்ரோமீடா நெபுலாவைக் கண்ட செய்தி வெளிப்படுகிறது என்றும் அறிவித்தார். அறிஞர் பலர் அதை நம்பினர். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜான் மேன்லி 1931இல் எழுதிய மறுப்புரை, நியூபோல்ட் கண்ட நுண்கோடுகள் காலப்போக்கில் மை வறண்டு வெடித்ததால் உண்டானவை என்பதையும், எழுத்துகளை விருப்பம்போல் இடம் மாற்றி அடுக்கும் அவருடைய முறை ஒரே பகுதியிலிருந்து எத்தனை வாசகங்களை வேண்டுமானாலும் தரக்கூடியது என்பதையும் நிறுவியது. நியூபோல்ட் நேர்மையானவர், பெரும் கல்விமான். ஆனாலும் அவருடைய வாசிப்பை நீக்கிய பின், அவர் இச்சுவடியில் செலவிட்ட காலத்திலிருந்து வேறொருவர் எடுத்தாளத்தக்கது ஏதும் எஞ்சவில்லை.

1944இல் ஹ்யூ ஓ'நீல் என்ற தாவரவியலாளர், ஒரு செடியின் படத்தை அமெரிக்கக் கண்டத்துச் சூரியகாந்தி என்று அடையாளம் கண்டு, சுவடி, கொலம்பஸ் அங்கிருந்து திரும்பிய 1493க்குப் பிற்பட்டதாகவே இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். 2009இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் நடந்த கதிரியக்கக் கார்பன் சோதனை அந்தத் தோல் 1404க்கும் 1438க்கும் இடைப்பட்டது என்று காட்டியது. தோலின் காலம் எழுதிய காலத்தை நேரடியாகச் சொல்வதில்லை என்பது உண்மைதான். ஆயினும் நான்கு வேறு தாள்களிலிருந்து எடுத்த மாதிரிகளும் ஒரே காலத்தைச் சுட்டுவதால், பழைய தோலைப் பல்லாண்டுகள் கழித்து எங்கிருந்தோ திரட்டி எழுதினார்கள் என்று வாதிடுவது கடினமாகிவிட்டது.

படியெடுத்தல் என்னும் பெரும்பணி

இச்சுவடியின் ஆய்வில் மிக நீண்ட ஆயுள் கொண்ட பணி எது என்று கேட்டால், அதன் எழுத்துகளைப் பிறர் எண்ணவும் தேடவும் ஏற்ற வடிவில் படியெடுத்துத் தந்ததுதான் என்பேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது எழுத்தர் வேலையாகத் தோன்றக்கூடும். ஆனால் பொருள் தெரியாத எழுத்தைப் படியெடுப்பது தெரிந்த எழுத்தைப் படியெடுப்பதிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. எது ஒரே எழுத்து, எது இரண்டு எழுத்துகளின் கூட்டு, வால் நீண்ட வடிவமும் குறுகிய வடிவமும் ஒன்றா இரண்டா, சொற்களுக்கு இடையே இருப்பது இடைவெளியா அல்லது கை சற்று நகர்ந்ததால் ஏற்பட்ட தற்செயலா என்ற ஒவ்வொரு கேள்விக்கும் பொருளின் துணையின்றியே விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய மறையெழுத்துகளை உடைத்த குழுவின் தலைவராகிய வில்லியம் ஃபிரீட்மன், 1944இல் தம்முடன் பணியாற்றியவர்களைக் கூட்டி, அலுவல் நேரம் முடிந்தபின் வாய்னிச் சுவடியை ஆராயும் ஒரு குழுவை அமைத்தார். உலகின் தலைசிறந்த மறையெழுத்து வல்லுநர்களாக இருந்தும், இந்தச் சுவடியைப் பொறுத்தவரை அவர்களும் சொந்த நேரத்தில் உழைத்தவர்களே. சுவடியின் எழுத்துகளை அவர்கள் துளையட்டைகளில் ஏற்றத் தொடங்கினர். போர் முடிந்து உறுப்பினர்கள் தத்தம் ஊர் திரும்பியதால் 1946இல் குழு கலைந்தது. ஃபிரீட்மன் இறுதிவரை இச்சுவடியைப் படிக்கவில்லை. இது செயற்கையாக உருவாக்கப்பட்ட ஒரு பொதுமொழியாக இருக்கலாம் என்ற தம் கருத்தை எழுத்துகளை இடம் மாற்றிய ஒரு வாக்கியத்துக்குள் மறைத்து 1959இல் வெளியிட்டார். அதன் விடை அவர் இறந்தபின் 1970இல் அச்சாயிற்று. அந்தக் கருத்தை இன்று ஏற்போர் சிலரே.

ஆனால் அவருடைய குழு எடுத்த படி பிழைத்துக்கொண்டது. வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள மார்ஷல் நூலகத்தில் ஃபிரீட்மனின் தாள்களோடு கிடந்த அந்தப் பட்டியல்களை ஜிம் ரீட்ஸ் என்ற கணிதவியலாளர் தேடியெடுத்து, 1990களில் கணினிக்கு ஏற்ற வடிவில் மற்றவர்களுக்குக் கிடைக்கச் செய்தார். ஃபிரீட்மனின் கொள்கையை மறுப்பவர்களும், சுவடி வெறும் மோசடி என்று கருதுபவர்களும், அவருடைய குழுவின் படியை வைத்தே தம் கணக்குகளைப் போட்டனர். கருத்துக்கும் தரவுக்கும் இடையே உள்ள வேறுபாடு இதைவிடத் தெளிவாக விளங்கும் இடம் அரிது.

அதே பத்தாண்டில் ரெனே சாண்ட்பெர்கன், கேப்ரியல் லாண்டினி ஆகிய இருவர் இவா எனச் சுருக்கமாக அழைக்கப்படும் எழுத்துப்பெயர்ப்பு முறையை வகுத்தனர். முன்னவர் விண்வெளித் துறைப் பொறியாளர். பின்னவர் பல் மருத்துவப் பள்ளியைச் சார்ந்த நோயியல் ஆய்வாளர். சுவடியின் ஒவ்வோர் எழுத்து வடிவத்துக்கும் ஒரு லத்தீன் எழுத்தைக் குறியாக வைத்துக்கொண்டு, அந்தக் குறி அதன் ஒலி அன்று என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்தியதுதான் அம்முறையின் சிறப்பு. ஐயத்துக்குரிய கூட்டெழுத்துகளை அதன் சிறு உறுப்புகளாகப் பிரித்துக் குறிக்கலாம்; அவற்றை ஓரெழுத்தாகக் கொள்ள விரும்புபவர் பின்னர் தாமே சேர்த்துக்கொள்ளலாம். முடிவெடுக்கும் உரிமையைப் பயன்படுத்துபவரிடமே விட்டுவைத்த இந்த அடக்கம் எனக்கு மிகவும் மதிக்கத்தக்கதாகப் படுகிறது. தகேஷி தகஹாஷி என்ற ஜப்பானிய ஆர்வலர் இம்முறையில் சுவடி முழுவதையும் தனியொருவராகப் படியெடுத்தார். பிரேசில் நாட்டுக் கணினியியலாளர் ஜோர்ஜ் ஸ்டோல்ஃபி, பலருடைய படிகளையும் வரிக்கு வரி ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, எங்கெங்கே கண்கள் மாறுபடுகின்றன என்பது தெரியுமாறு ஒரே கோப்பாக்கினார். இன்று பல்கலைக்கழக மொழியியலாளர்கள் வாய்னிச் சுவடியைக் கணினியால் ஆராயும்போது அவர்களுக்கு அடித்தளமாக அமைவது பெரும்பாலும் இந்த ஆர்வலர்கள் விட்டுச் சென்ற கோப்புகளே.

தமிழ் வாசகர்களுக்கு இவ்விடத்தில் ஐராவதம் மகாதேவன் நினைவுக்கு வருவது இயல்பு. இந்திய ஆட்சிப் பணியில் இருந்த அவர் சிந்துவெளி எழுத்துகளுக்கென 1977இல் வெளியிட்ட தொடரடைவு, அதாவது ஒவ்வொரு குறியும் எங்கெங்கே வருகிறது என்ற பட்டியல், அவை திராவிட மொழியைக் குறிக்கின்றன என்ற அவருடைய கருத்தை ஏற்காதவர்களின் ஆய்வுகளுக்கும் அடிப்படையாக இருந்து வருகிறது.

கரியர் கண்ட இரண்டு வகை

அமெரிக்கக் கடற்படையின் மறையெழுத்துத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பிரெஸ்காட் கரியர், 1976இல் வாஷிங்டனில் நடந்த ஒரு கருத்தரங்கில் தம் கண்டுபிடிப்பை முன்வைத்தார். செடிப் பகுதியின் தாள்களைப் பார்த்துக்கொண்டே வந்தபோது, சில தாள்களின் கையெழுத்து சற்றே விரிந்தும் சாய்வின்றியும் இருப்பதையும், வேறு சில நெருக்கமாகவும் சாய்வாகவும் இருப்பதையும் அவர் கவனித்திருந்தார். அந்த இருவகைத் தாள்களின் எழுத்து எண்ணிக்கைகளைத் தனித்தனியே எடுத்தபோது, அவை புள்ளியியல் அடிப்படையிலும் வேறுபட்டன. இவா முறையில் ஈடிஒய் என்ற மூன்று எழுத்துகளால் முடியும் சொற்கள் ஒரு வகையில் பக்கந்தோறும் மலிந்திருக்க, மற்ற வகையில் ஏறத்தாழ இல்லாமலே போயின. அவற்றை அவர் ஏ மொழி, பி மொழி என்று அழைத்தார். மொழி என்ற சொல்லைத் தாம் புள்ளியியல் பொருளில் மட்டுமே ஆள்வதாக எச்சரிக்கவும் செய்தார்.

கரியர் ஒரு சொல்லையும் படிக்கவில்லை. படித்ததாகச் சொல்லவும் இல்லை. ஆயினும் அவருக்குப் பின் வந்த எந்த ஆய்வும் அவரைக் கடந்து செல்ல முடியவில்லை. சுவடி முழுவதையும் ஒரே குவியலாக எண்ணிப் புள்ளிவிவரம் தருபவர், தம்மை அறியாமலே இரண்டு வேறு பொருள்களைக் கலந்து சராசரி காண்கிறார் என்பது அவரால்தான் தெரிந்தது. ஒரே தோலை மடித்து உண்டாக்கிய இரட்டைத் தாளின் இரு பாதிகளும் பெரும்பாலும் ஒரே வகையைச் சேர்ந்திருப்பதும், ஆனால் தைத்த நூலில் இரு வகைத் தாள்களும் ஒன்றோடொன்று கலந்து கிடப்பதும், நூலைத் தைத்துக் கட்டியவர்கள் தாள்களை மூல வரிசையில் வைக்கவில்லை என்ற ஐயத்துக்கு வலுவூட்டின. 78ஆம் தாளின் பின்பக்கத்தில் தொடங்கும் நீரோட்டத்தின் படம் 81ஆம் தாளின் முன்பக்கத்தில் தொடர்வது அதே ஐயத்தைப் படங்களின் வழியே உறுதி செய்கிறது. இடையில் உள்ள தாள்கள் தவறான இடத்தில் வைத்துத் தைக்கப்பட்டவை.

2020இல் இடைக்காலச் சுவடியியலில் தேர்ந்த லிசா ஃபேகின் டேவிஸ், எழுத்து வடிவங்களை ஒப்பிட்டு, இந்நூலை ஐந்து பேர் எழுதியிருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார். கரியரின் கணக்கிலிருந்து அது நுட்பங்களில் மாறுபட்டாலும், ஒருவர் மட்டும் எழுதியதன்று என்ற அடிப்படையை உறுதிப்படுத்துகிறது. ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஒருவரின் கூர்ந்த பார்வை 44 ஆண்டுகளுக்குப் பின் சுவடியியல் வல்லுநரின் முறையான பகுப்பாய்வோடு கைகோத்ததற்குக் காரணம், அவர் தம் கருத்தோடு எந்தெந்தத் தாள், எத்தனை எண்ணிக்கை என்ற விவரங்களையும் சேர்த்தே கொடுத்திருந்ததுதான்.

காப்பகத்தில் கிடைத்த கடிதம்

எழுத்தைத் தொடாமலே சுவடியைப் பற்றி அறிவதற்கும் வழி உண்டு. வாய்னிச் வாங்கியபோது நூலோடு ஒரு கடிதம் இருந்தது. ப்ராக் நகர மருத்துவரும் அறிஞருமான மார்குஸ் மார்சி, 1665 அல்லது 1666 ஆகஸ்டில், ரோமில் இருந்த இயேசு சபை அறிஞர் அதனாசியுஸ் கிர்ஷருக்கு எழுதியது அது. நெருங்கிய நண்பர் ஒருவர் தமக்கு உயில்வழி விட்டுச்சென்ற நூல் இது என்றும், பேரரசர் இரண்டாம் ருடால்ஃப் இதை 600 தங்கக் காசுகளுக்கு வாங்கியதாகத் தாம் கேள்விப்பட்டிருப்பதாகவும் அதில் மார்சி கூறுகிறார். அந்த நண்பர் யார் என்று அவர் சொல்லவில்லை. வாய்னிச்சின் காலத்தில் அதற்கு விடை இல்லை.

விடை ரோமில் கிரெகோரியன் பல்கலைக்கழகக் காப்பகத்தில் கிர்ஷருக்கு வந்த கடிதங்களிடையே இருந்தது. மேலே குறிப்பிட்ட சாண்ட்பெர்கன் அங்கே, ப்ராக் நகர ரசவாதி கியோர்க் பாரெஷ் 1639இல் எழுதிய கடிதத்தைக் கண்டெடுத்தார். தம் நூலகத்தில் எவராலும் படிக்க முடியாத ஒரு நூல் வீணே இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதாகவும், அதில் செடிகளும் விண்மீன்களும் வரையப்பட்டிருப்பதாகவும், ஏற்கெனவே அனுப்பிய மாதிரி எழுத்துகளைப் பற்றிக் கிர்ஷரின் கருத்தை அறிய விரும்புவதாகவும் பாரெஷ் எழுதியிருந்தார். இதனால் சுவடியின் வரலாறு மார்சியின் கடிதத்துக்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டு முன்னே சென்றது. வாய்னிச்சே இதைப் போலியாக உருவாக்கியிருக்கலாம் என்ற வாதமும் அடியோடு தளர்ந்தது. அவர் கைக்கு எட்டாத ஒரு தொகுப்பில், அவர் அறிந்திராத ஒருவரின் எழுத்தில், அதே நூலின் வருணனை இருந்தது.

இவ்வகைத் தேடலுக்கு லத்தீன் படிக்கத் தெரிய வேண்டும், பழைய கையெழுத்துகளோடு பழக வேண்டும், பல நாள் ஒன்றும் அகப்படாமல் போகும் என்பதையும் ஏற்க வேண்டும். மறையெழுத்தை உடைக்கும் சாவி எதுவும் தேவையில்லை. இது தொடர்ந்துகொண்டும் இருக்கிறது: மால்டா பல்கலைக்கழகம் 2022இல் நடத்திய மாநாட்டில், வடிவமைப்புத் துறையைச் சேர்ந்த ஸ்டெஃபன் கூசி, ருடால்ஃபின் கணக்கேடுகளில் நூல் வாங்கிய பதிவுகளைத் துருவி, கார்ல் வைடமன் என்ற மருத்துவர் 1599இல் விற்ற நூல் தொகுதி மார்சி சொன்ன விலையோடு பொருந்தக்கூடியது என்று முன்வைத்தார். இது இன்னும் கருதுகோள்தான். ஆனால் பொய்யானாலும், அந்தக் கணக்கேடுகளில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்ற பட்டியல் அடுத்தவருக்குப் பயன்படும்.

எண்ணிக்கைகளும் மோசடி வாதமும்

யேல் இயற்பியலாளர் வில்லியம் பென்னட் 1970களில், ஓர் எழுத்தை அறிந்தால் அடுத்ததை ஊகிப்பது எவ்வளவு கடினம் என்பதை அளக்கும் என்ட்ரோபி என்ற அளவையை இச்சுவடிக்குப் பொருத்தினார். ஐரோப்பிய மொழிகளில் ஏறத்தாழ 3 பிட்டுகளாக (பிட் என்பது தகவலை அளக்கும் அலகு) இருக்கும் அந்த அளவு இங்கே 2க்கு அருகில் நின்றது. அதாவது எழுத்துகள் கடுமையான ஒழுங்கில் ஒன்றையொன்று தொடர்கின்றன. லத்தீனையோ இத்தாலியனையோ எழுத்துக்கு எழுத்து மாற்றி எழுதிய எளிய மறையெழுத்து இவ்வாறு அமையாது. ஏனெனில் அவ்வாறு மாற்றினால் அளவு மாறுவதில்லை. இந்த ஓர் எண் மட்டுமே, இன்றும் ஆண்டுதோறும் வெளிவரும் தீர்வுகளில் பெரும்பகுதியை முதல் பார்வையிலேயே கேள்விக்கு உள்ளாக்கப் போதுமானது.

ஸ்டோல்ஃபி, சொற்கள் உள், நடு, வெளி என்ற மூன்று அடுக்குகளாக அமைவதை இலக்கண விதிபோல் விவரித்தார். பிரித்தானிய ஆய்வாளர் கார்டன் ரக் 2004இல், அசைகளை நிரப்பிய அட்டவணையின் மீது துளையிட்ட அட்டையை நகர்த்தியே பொருளற்ற சொற்களை இவ்வாறு எழுதிக் குவிக்க முடியும் என்று காட்டினார். ஜெர்மனியின் டார்ஸ்டன் டிம் 2014இலும் பின்னர் ஆந்த்ரேயாஸ் ஷின்னருடன் சேர்ந்தும், எழுதுபவர் சற்று முன் எழுதிய சொல்லையே பார்த்துச் சிறிது மாற்றி மறுபடி எழுதியிருக்கலாம் என்று வாதிட்டார். ஒத்த உருவமுள்ள சொற்கள் ஒரே பக்கத்தில் அருகருகே திரள்வதை அவர் தம் வாதத்துக்குச் சான்றாக்கினார். மறுபுறம், யேல் மொழியியலாளர் கிளேர் போவெர்னும் லூக் லிண்டமனும் 2021இல் எழுதிய ஆய்வுரை, எழுத்து மட்டத்தில் சுவடி விசித்திரமாக இருந்தாலும் சொல் மட்டத்திலும் அதற்கு மேலும் இயற்கை மொழியை ஒத்திருக்கிறது என்கிறது. பொருள் உண்டா இல்லையா என்பதில் இரு தரப்பும் எதிரெதிராக நிற்கின்றன. ஆயினும் சொற்கள் அருகருகே திரள்கின்றன என்ற டிம்மின் அவதானத்தைப் போவெர்ன் போன்றோரின் தரப்பும் விளக்கியாக வேண்டும். அதனால்தான் மோசடி வாதத்தை முன்வைப்பவரின் உழைப்பையும் நான் தகுதியானதாகவே கருதுகிறேன். எனக்கு அவருடைய முடிவில் முழு உடன்பாடு இல்லை.

தீர்வு கண்டதாகச் சொல்பவர்களின் நிலை

இனி வலிதரும் பகுதி. சுவடியைப் படித்துவிட்டதாக அறிவிக்கும் முயற்சிகள் எபிரேயம், துருக்கியம், லத்தீனிலிருந்து பிறந்த ஒரு பழைய மொழி, மத்திய அமெரிக்காவின் நாவாட்டில் எனப் பல மொழிகளைக் காட்டுகின்றன. இவற்றின் அமைப்பு வியப்பளிக்கும் அளவுக்கு ஒரேமாதிரியானது. ஒரு செடியின் அல்லது விண்மீனின் படத்தருகே உள்ள சொல்லுக்குப் பெயர் ஒன்று பொருத்தப்படுகிறது. அதிலிருந்து சில எழுத்துகளுக்கு ஒலி கிடைக்கிறது. பிற சொற்களைப் படிக்கும்போது உயிரெழுத்து விடுபட்டது, எழுத்தர் சுருக்கினார், வட்டார வழக்கு என்று ஒவ்வொரு தடைக்கும் ஒரு தளர்வு சேர்கிறது. தளர்வுகள் போதிய அளவு சேர்ந்தபின், எந்த வரியையும் ஏதேனும் ஒரு பொருளுக்குக் கொண்டுவர முடியும். நியூபோல்ட் செய்ததும் இதுவே.

இதைக் கண்டறிய எளிய சோதனை உண்டு. தீர்வு கண்டவர் தாம் இதுவரை பார்க்காத ஒரு பக்கத்தை, பிறர் தேர்ந்து கொடுக்க, தம் விதிகளால் மட்டும் படிக்க வேண்டும். அதே விதிகளை அவர் உதவியின்றிப் பெற்ற வேறொருவர் அதே பக்கத்திலிருந்து அதே வாசகத்தைப் பெற வேண்டும். வாசகம் சொல் குவியலாக இல்லாமல் தொடர்ந்து பொருள் தர வேண்டும். இதுவரை எந்தத் தீர்வும் இதில் தேறவில்லை.

சோதனையில் தேறுவது எப்படி இருக்கும் என்பதற்கு அண்மை எடுத்துக்காட்டு வேறொரு சுவடித் தொகுப்பிலிருந்து கிடைக்கிறது. பாரிஸ் தேசிய நூலகத்தில் 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதி இத்தாலிய ஆவணங்கள் எனப் பட்டியலிடப்பட்டிருந்த மறையெழுத்துக் கடிதங்களை ஜார்ஜ் லாஸ்ரி, நார்பெர்ட் பீயர்மன், சதோஷி தோமோகியோ ஆகிய மூவர் எடுத்துக்கொண்டனர். ஒருவர் கணினியியலாளர், ஒருவர் பியானோ இசைஞர், ஒருவர் இயற்பியல் பின்னணி கொண்ட காப்புரிமை வல்லுநர்; மூவரும் வரலாற்றாசிரியர் அல்லர். முதலில் மொழி இத்தாலியன் அன்று, பிரெஞ்சு என்று தெரிந்தது. பின்னர் எழுதியவர் பெண் என்பதும், சிறையில் இருப்பவர் என்பதும் வெளிப்பட்டன. 2023இல் அவர்கள் வெளியிட்ட 57 கடிதங்கள், இங்கிலாந்தில் சிறைவைக்கப்பட்டிருந்த ஸ்காட்லாந்து அரசி மேரி 1578க்கும் 1584க்கும் இடையே பெரும்பாலும் பிரெஞ்சுத் தூதர் காஸ்தெல்னோவுக்கு எழுதியவை. அவற்றில் சிலவற்றின் மறைநீக்கிய படிகள், அரசி எலிசபெத்தின் அமைச்சர் வால்சிங்கமின் தாள்களில் ஏற்கெனவே இருந்தன. அவற்றோடு ஒப்பிட்டபோது வாசகம் பொருந்தியது. தாம் விரும்பிய பொருளை வரவழைக்க அவர்களுக்கு அங்கே இடமே இருக்கவில்லை. வாய்னிச் சுவடிக்கு அத்தகைய இணைப்படி கிடையாது என்பதால், இங்கே படிக்க முனைபவர் தமக்குத் தாமே இன்னும் கடுமையான காவலராக இருக்க வேண்டியிருக்கிறது.

வீணான தீர்வுகளால் வரும் இழப்பு அவற்றை எழுதியவரோடு முடிவதில்லை. செய்தி ஊடகங்கள் மர்மம் அவிழ்ந்தது என்று அறிவித்து, சில நாட்களில் அது பொய்த்துப்போகும்போது, பல்கலைக்கழகங்கள் இச்சுவடியை அணுகவே தயங்குகின்றன. தீவிரமான ஆய்வுக்கு நிதி கேட்பவர் சந்தேகத்தோடு பார்க்கப்படுகிறார். பொறுமையாகப் படியெடுத்தவர்களும் கடிதம் தேடியவர்களும் அதே ஏளனத்தில் பங்கு பெற நேர்வது எனக்கு உண்மையாகவே வருத்தம் அளிக்கிறது.

இன்று தொடங்குபவருக்கு முன் உள்ளவை

சுவடியின் உயர்தரப் படங்களை யேல் அனைவருக்கும் திறந்து வைத்துள்ளது. 2014இல் பத்துப் பக்கங்களைப் பல அலைநீள ஒளியில் எடுத்த படங்கள் 2024இல் டேவிஸின் முயற்சியால் வெளிவந்தன. முதல் பக்கத்தின் ஓரத்தில் லத்தீன் எழுத்துகளும் சுவடியின் எழுத்துகளும் நெடுவரிசைகளாக இருப்பது அவற்றில் தெரிகிறது. அது மார்சியின் கையெழுத்து என்று டேவிஸ் கருதுகிறார். அப்படியானால், 17ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் ஒன்றுக்கொன்று பதிலீடு செய்து பார்த்திருக்கிறார். அதே முயற்சியை மீண்டும் தொடங்க வேண்டிய தேவை இப்போது இல்லை.

ஆனால் இரட்டைத் தாள்களின் மூல வரிசை இன்னும் தீரவில்லை. ஈரக்கறை ஒரு தாளிலிருந்து எதிர்த்தாளுக்குப் பரவிய இடங்கள், வண்ணம் ஒட்டிய தடங்கள், ஊசித் துளைகள், தோலின் முடிப்பக்கமும் தசைப்பக்கமும் மாறி மாறி வரும் முறை ஆகியவற்றைத் தாள்வாரியாகப் பதிவு செய்தால், நூல் முதலில் எப்படி இருந்தது என்பதை நெருங்கலாம். துளைகளுக்கும் தோலின் பக்கங்களுக்கும் யேல் நூலகத்தார் துணை வேண்டும். கறைகளையும் வண்ணத் தடங்களையும் படங்களிலிருந்தே எவரும் குறிக்கலாம். ராசி வட்டங்களின் நடுவில் பிற்காலக் கை ஒன்று எழுதிய மாதப் பெயர்கள் லத்தீனிலிருந்து பிறந்த மொழி ஒன்றைச் சேர்ந்தவை. அந்த எழுத்துக்கூட்டல் எந்த வட்டாரத்துக்குரியது என்பதைத் தேதியிட்ட நாட்காட்டிகளோடு ஒப்பிட்டுச் சுருக்கினால், நூல் அப்போது எங்கே இருந்தது என்பது தெரியவரும். கிர்ஷருக்குப் பாரெஷ் அனுப்பிய மாதிரி எழுத்துகள் இன்னும் கிடைக்கவில்லை. வரிசை சரியாகத் தெரிந்த நாளில் புள்ளியியல் கணக்குகள் அனைத்தையும் மறுபடி போட வேண்டியிருக்கும். ஏனெனில் வரிக்கு வரி, பக்கத்துக்குப் பக்கம் சொற்கள் மாறும் போக்கைப் பற்றி இதுவரை சொல்லப்பட்டவை யாவும் கலைந்த வரிசையின் மேல் கட்டப்பட்டவை.